நாற்பத்தேழாவது சமன்பாடு

ஒரு பெண் ஒரே கேள்விக்குப் பத்தொன்பது நாளாக ஒரே தவறான பதிலைச் சொல்லிவந்தால் அதை மறதி என்று சொல்ல முடியாது. மறதிக்கு அவ்வளவு ஞாபகசக்தி கிடையாது.

ஜெராக்ஸ் அக்காவின் மனதில் இந்தச் சந்தேகம் நுழைந்து ஒரு வாரமாகிறது.

காலை ஆறு மணி. சமையலறை வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, மகளுக்குப் பயிற்சி வகுப்பில் கொடுத்த வேதியியல் தொகுப்பை மடியில் விரித்திருந்தாள். எதிரே குட்டி, முகம் கழுவிய ஈரம் காயாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒப்பித்துக்கொண்டிருந்தாள். கூப்பிடும் பெயர்தான் குட்டி. வயது பதினெட்டு, அம்மாவை விட ஒரு சாண் உயரம். மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு இன்னும் பன்னிரண்டு நாள். போன வருடம் ஏழு மதிப்பெண்ணில் இடம் நழுவியது. ஏழும் வேதியியலில் போனவை. இது இரண்டாவது முறை. மூன்றாவது முறை எழுத வைக்க வீட்டில் வசதியில்லை.

தெருமுனைக் கடையில் நகல் இயந்திரத்தின் முன்னால் பதினொரு வருடமாக நிற்பவள் என்பதால் சுற்றுவட்டாரத்துக்கே அவள் ஜெராக்ஸ் அக்கா. வேதியியல் அவளுக்குத் தெரியாது. ஒப்பிப்பதைச் சரிபார்க்க அது தெரிய வேண்டியதில்லை என்பது அவள் கட்சி. அசலையும் நகலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறவர் அதில் எழுதியிருப்பதைப் புரிந்துகொண்டா ஒப்பிடுகிறார்? வரிக்கு ஒரு விரல், வாய்க்கு ஒரு காது. இரண்டும் ஒத்துப்போனால் சரி.

நாற்பத்தேழு வந்தது. ஊதா நிறப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால் குளோரின் வாயு வரும் என்கிற சமன்பாடு. இதில் எந்தப் பொருள் எத்தனை என்கிற எண்கள்தான் தலைவலி. மாணவர்கள் அதை ஃபோன் நம்பர் போல உருப்போடுவார்கள்: ரெண்டு, பதினாறு, ரெண்டு, ரெண்டு, எட்டு. கடைசியில் குளோரின் எத்தனை என்று ஓர் எண்.

"அஞ்சு குளோரின்" என்றாள் குட்டி.

அம்மாவின் விரலுக்கு அடியில் ஆறு என்று அச்சாகியிருந்தது.

ஆறு என்று அவள் திருத்தினாள். குட்டி மறுக்கவில்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. வழக்கம்போல் நாற்பத்தெட்டுக்குப் போய்விட்டாள். இந்த வரி மண்டையில் ஏற வேண்டும் என்றுதான் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் அக்கா கடையில் பெரிதாக்கி எடுத்துவந்து, முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தாள். தலைவாரும்போதெல்லாம் கண்ணில் படும். படுகிறது, ஆனாலும் அஞ்சு.

வேறு நாளாக இருந்தால் விட்டிருப்பாள். மூன்று நாளைக்கு முன்னால் வகுப்பில் நடந்தது விட விடவில்லை. என்னுடைய தொகுப்பு வெளியே போயிருக்கிறது, யாருடைய பிரதி என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் போதும் என்று கெமிஸ்ட்ரி சார் முப்பது பேர் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து குட்டி சரியாகச் சாப்பிடுவதில்லை. வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக்; பத்து நாள் வேலைக்காக வெளியூர் போயிருந்தார். சொன்னால் ஃபோனிலேயே, புள்ளையச் சந்தேகப்படாதே என்பார். அவருக்கென்ன, லிஃப்ட் நின்றால் காரணம் காட்ட விளக்கு எரியும்.

அப்போது மாடிப்படி வழியாக ஒரு குரல் இறங்கி வந்தது. மாடியில் நாத்தனார் குடும்பம். நாத்தனார் மகளும் அதே தேர்வுதான் எழுதுகிறாள், ஆனால் எந்த வகுப்புக்கும் போகாமல் வீட்டிலேயே படிக்கிறாள். படிப்பதைத் தெருவே கேட்கும் என்பதால் அவளுக்கு மைக்செட் என்று பெயர்.

"ரெண்டு பதினாறு, ரெண்டு ரெண்டு எட்டு ஆறு. ரெண்டு பதினாறு, ரெண்டு ரெண்டு எட்டு ஆறு."

ஜெராக்ஸ் அக்கா தொகுப்பை மூடினாள். "கேட்டியா? வகுப்புக்கே போகாதவ சரியாச் சொல்றா. உனக்கு என்னடி?"

குட்டியின் முகம் வெளுத்தது. "அவ என்ன சொன்னா?"

"ஆறுன்னு. நான் தினமும் சொல்றதைத்தான்."

குட்டி மாடிப்படியைப் பார்த்தாள். பிறகு கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த பெரிய தாளைப் பார்த்தாள். கடைசியாக அம்மாவைப் பார்த்தாள், கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டு. எதுவும் சொல்லாமல் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். தட்டில் வைத்தது அப்படியே இருந்தது.

இவளிடம் ஏதோ இருக்கிறது என்று அம்மா முடிவு கட்டினாள்.

பதினொரு மணிக்குக் கடையில் கூட்டம். நகல் இயந்திரம் எழுத்தை எழுதுவதில்லை, ஒட்டவைக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. உள்ளே ஓர் உருளை. அசலில் எங்கெல்லாம் கறுப்போ அங்கெல்லாம் உருளையில் மின்னூட்டம் தங்கும். பலூனைத் தலைமுடியில் தேய்த்தால் காகிதத் துண்டு ஒட்டுமே, அதே சங்கதி. அந்த இடத்தில் கறுப்புத் தூள் ஒட்டிக்கொள்ளும். தூள் தாளுக்கு மாறும், சூட்டில் உருகிப் படியும். தூள் தீரும் நேரத்தில் நகல் வெளிறிவரும். அப்போது டோனர் டப்பாவைக் கழற்றி, இரண்டு பக்கமும் நாலு குலுக்குக் குலுக்கிப் போட்டால் இன்னும் ஐம்பது தாளுக்குத் தாங்கும். அவள் குலுக்கிக்கொண்டிருந்தபோதுதான் ஃபோன் வந்தது. கெமிஸ்ட்ரி சார். நாலு மணிக்கு மகளோடு வரச் சொன்னார். என்ன விஷயம் என்று கேட்டதற்கு, வந்தால் தெரியும் என்றார்.

வகுப்பு ஒரு டயர்க் கடைக்கு மேலே இருந்தது. ரப்பர் வாடை படியேறி வந்து பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தது. சார் மெலிந்த மனிதர். சாக்பீஸ் தூள் அவர் புருவம் வரை நரைக்க வைத்திருந்தது. மேசைமேல் ஒரு தாளை வைத்தார். படிக்கிற பிள்ளைகள் ஃபோனில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள், அதில் சுற்றியது இது என்றார். யாரோ தட்டச்சு செய்த பட்டியல். நாற்பத்துநாலில் தொடங்கி ஐம்பத்தாறில் முடிந்தது. கடைசி நாலு வரிகளுக்குத் தலை இல்லை, பாதியிலிருந்து ஆரம்பித்தன. அது ஏன் என்று எனக்கே புரியவில்லை என்றார் சார். நாற்பத்தேழுக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டிருந்தார்.

ஆறு குளோரின்.

"சரியாத்தானே இருக்கு சார்?" என்றாள் ஜெராக்ஸ் அக்கா.

சார் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. எண்ணத் தெரியுமா என்று கேட்டு, ஒரு சாக்பீஸை அவள் கையிலேயே கொடுத்தார். சமன்பாடு என்பது தராசு, இந்தத் தட்டில் எத்தனை அணு போகிறதோ அத்தனையும் அந்தத் தட்டில் வந்தாக வேண்டும், எதுவும் காணாமல் போகாது, எதுவும் புதிதாக முளைக்காது என்றார். உள்ளே போகிற குளோரின் பதினாறு. பொட்டாசியம் குளோரைடு இரண்டை எடுத்துக்கொள்கிறது. மாங்கனீஸ் குளோரைடு நாலை. மிச்சம்?

"பத்து."

குளோரின் வாயு எப்போதும் ஜோடியாகத்தான் திரியும். பத்தில் எத்தனை ஜோடி?

"அஞ்சு" என்று சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது. பத்தொன்பது நாள். ஆறு என்றால் பன்னிரண்டு வேண்டும், பன்னிரண்டு எங்கிருந்தும் வராது. விரலை வைத்துப் பார்த்தவள் ஒரு தடவையாவது எண்ணிப் பார்த்திருக்கலாம்.

அந்தத் தவறு அவர் வேண்டுமென்றே வைத்தது என்று சார் சொன்னார். முப்பது பிரதி, ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் இடத்தில் ஓர் எண்ணை மாற்றி வைப்பார். முதல் நாளே ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, உன் பிரதியில் இந்த எண் தவறு, சரியானது இது, மனதில் வைத்துக்கொள், பேனாவால் திருத்தாதே, வீட்டிலும் சொல்லாதே என்பார். சொந்தக்காரருக்குத் தப்பு தெரியும். திருடினவருக்குத் தெரியாது. நாற்பத்தேழில் ஆறு இருக்கிற பிரதி உலகத்திலேயே ஒன்றுதான். அது குட்டியுடையது.

"நீ யாருக்காவது குடுத்தியாம்மா?" என்று குட்டியைக் கேட்டார்.

"இல்ல சார்."

"வேற யாராவது எடுத்தாங்களா?"

குட்டி பதில் சொல்லவில்லை. பெஞ்சின் கீறலை நகத்தால் நோண்டிக்கொண்டிருந்தாள். அம்மா பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

ஜெராக்ஸ் அக்காவும் வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு வேறொரு பயம். சேர்க்கும்போதே சார் அவளிடம், தொகுப்பை நகலெடுக்க மாட்டேன் என்று கையெழுத்து வாங்கியிருந்தார், இது உங்கள் கடை இயந்திரத்தில் ஏறக் கூடாது என்று பாதி விளையாட்டாகச் சொல்லியும் இருந்தார். அவள் ஏற்றினாள். நகல் எடுப்பது வேறு, பெரிதாக்குவது வேறு என்று அன்றைக்குத் தனக்குத் தானே தீர்ப்பு சொல்லிக்கொண்டாள். சுவரில் அந்தத் தாள் இருக்கிறது. மாடியிலிருந்து தண்ணீர் பிடிக்க, கத்தரிக்கோல் கேட்க என்று மைக்செட் தினமும் இறங்கி வருகிறாள். காலையில் அவள் வாயிலிருந்து வந்தது ஆறு.

இப்போது புரிந்தது. சுவரைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறாள். கள்ளி வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறாள்.

சார் கெடு வைத்தார். நாளை ஒன்பது மணிக்குத் தேர்வு நாள் விவரம் சொல்ல எல்லாப் பெற்றோரும் வருகிறார்கள். அதற்குள் உண்மை வர வேண்டும். வராவிட்டால் குட்டி தொகுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகலாம். கடைசிப் பத்து நாள் மாதிரித் தேர்வு எதிலும் உட்கார முடியாது. அந்தப் பத்துத் தேர்வுக்காகத்தான் ஒரு வருடமாக இந்த ரப்பர் வாடையில் இருந்தாள் என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஜெராக்ஸ் அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடியேறினாள்.

நாத்தனார் தையல் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்துப் பள்ளிகளின் சீருடை முழுக்க அவள் கைதான். தரையில் துணியும் தாளும் இரைந்து கிடந்தன. அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் காலை மிதிபலகையிலிருந்து எடுத்தாள்.

கேட்க வந்ததை ஜெராக்ஸ் அக்கா சுற்றிவளைக்காமல் கேட்டாள். மைக்செட் மூலையிலிருந்து எழுந்து வந்தாள். பயந்த முகமாகவே தெரியவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"சுவர்ல பாத்து எழுதினியா?"

"எந்தச் சுவர் அத்தை? நான் கையில பாத்து எழுதினேன்."

பேச்சிலேயே விளையாடுகிறாளா என்று அத்தை பல்லைக் கடித்தாள். மைக்செட் போய்த் தன் நோட்டுக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்துவந்து நீட்டினாள்.

அது ஒரு கை. சின்னப் பிள்ளையின் அரைக்கைச் சட்டைக்கு வெட்டும் கை. துணியில் கத்தரி வைக்கும் முன் தையல்காரர்கள் தாளில் அளவை வெட்டிக்கொள்வார்கள். அந்தத் தாளைத் துணிமேல் வைத்து எத்தனை சட்டை வேண்டுமானாலும் வெட்டலாம். ஒரு பக்கம் வெறும் தாள், பென்சில் கோடு. திருப்பினால் பெரிய எழுத்தில், வெளிறிய சாம்பல் நிறத்தில், நாற்பத்துநாலு முதல் ஐம்பத்தாறு வரை. தோளோடு சேரும் இடத்தில் கத்தரி வளைந்து போயிருந்தது. அந்த வளைவு கடைசி நாலு வரிகளின் தலையைச் சீவியிருந்தது.

ஜெராக்ஸ் அக்காவுக்குத் தாளைவிட அந்தச் சாம்பல் நிறம்தான் முதலில் அடையாளம் தெரிந்தது. டோனர் தீரும் நேரத்து நிறம். சுவரில் ஒட்டுவதற்காகப் பெரிதாக்கியபோது முதலில் வந்தது இப்படித்தான் வெளிறி வந்தது. டப்பாவைக் குலுக்கிப் போட்டு இரண்டாவதை எடுத்தாள். கடைக்கு வருகிறவர்களின் தாள் கெட்டால் நாலாகக் கிழித்துத்தான் போடுவாள், அது தொழில் ஒழுக்கம். இது சொந்தத் தாள்தானே என்று கிழிக்கவில்லை. கெட்டுப்போன பெரிய தாள்களைக் கட்டாகக் கட்டி வாராவாரம் நாத்தனாருக்குக் கொண்டுவந்து கொடுப்பதும் அவள்தான். மாடியேறி, இந்தக் கையாலேயே கொடுத்திருக்கிறாள்.

"அம்மா வெட்டிப் போட்டதுல கிடைச்சது" என்றாள் மைக்செட். "குட்டிக்கு சார் குடுத்ததுன்னு பாத்ததுமே தெரிஞ்சது. நேரா எங்கிட்ட குடுத்தா அவளுக்குப் பிரச்சினையாகும்னு, நீங்கதான் எனக்காகக் கட்டுக்குள்ள வெச்சு அனுப்பியிருக்கீங்கன்னு நினைச்சேன் அத்தை."

ஜெராக்ஸ் அக்கா அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

குழுவில் போட்டது ஏன் என்று கேட்டதற்கு, அங்கே ஒன்று போட்டால்தான் ஒன்று எடுக்க முடியும், அதுதான் வழக்கம் என்று சொன்னாள். ஆறு தவறு என்று தெரிந்ததும்தான் அவள் முகம் உண்மையாகவே வாடியது. நூறு தடவை எழுதியிருந்தாளாம். ஒரு தடவையும் எண்ணவில்லை. அத்தைக்கும் மருமகளுக்கும் அந்த ஒரு விஷயத்தில் ஒற்றுமை.

நாத்தனார் இத்தனை நேரமும் நூலைப் பல்லால் கடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது தாழ்ந்த குரலில் பேசினாள்.

"அண்ணி, நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. நீங்க காப்பி போட்டீங்கன்னு சொன்னா, கையெழுத்துப் போட்டுக் குடுத்ததை மீறினதா ஆகும். குட்டியை வெளிய அனுப்பிடுவாரு. என் பொண்ணு கீழ வந்து புத்தகத்தைத் திருட்டுத்தனமா எடுத்தான்னு சொல்லிடுங்க. இவ அந்த வகுப்புலயே இல்ல, அவரால இவளை என்ன பண்ண முடியும்?"

மைக்செட் அம்மாவைப் பார்த்தாள். ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கணக்கு பிசகில்லாமல் இருந்தது. ஒரு பொய், யாருக்கும் நஷ்டமில்லை, குட்டியின் பத்துத் தேர்வும் பத்திரம். ஜெராக்ஸ் அக்கா அந்தக் காகிதக் கையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். சரி என்று சொல்ல வாயெடுத்தவள் படியில் நிழலைப் பார்த்து நிறுத்தினாள். குட்டி கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள், எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை.

அவள் திரும்பி இறங்கிப் போனாள். அம்மா பின்னாலேயே போனாள்.

கீழே, விளக்குப் போடாத கூடத்தில், எல்லாவற்றையும் சொன்னாள். பெரிதாக்கியது, வெளிறியது, கிழிக்காதது, கட்டிக் கொடுத்தது. சொல்லச் சொல்ல மகளின் முகம் இளகும் என்று எதிர்பார்த்தாள். இளகவில்லை.

"காலையில மாடியில இருந்து ஆறுன்னு கேட்டதுமே எனக்குத் தெரியும், அது உன் மெஷின்ல இருந்துதான் போயிருக்கும்னு" என்றாள் குட்டி. "சார் கேட்டப்ப அதனாலதான் வாயைத் திறக்கலை."

காலையில் மகள் எதுவும் சொல்லாமல் கிளம்பியதைக் குற்றம் என்று நினைத்தது அம்மாவின் நெஞ்சில் இப்போது வந்து குத்தியது. அந்த மௌனம் அவளுக்காகத்தான்.

"எத்தனை போட்டம்மா?"

"என்ன எத்தனை?"

"காப்பி. கடைக்கு எவ்வளவோ பசங்க வர்றாங்க. எல்லாரும் இந்தப் பரீட்சைக்குப் படிக்கிறவங்க. கேட்டா நீ இல்லைன்னு சொல்ல மாட்டே."

"ரெண்டுதான். ஒண்ணு சுவர்ல, ஒண்ணு மாடியில."

குட்டி தலையை ஆட்டினாள். நம்பியவர்கள் அப்படி ஆட்டுவதில்லை. ஒரு வாரமாகத் தான் மகளைப் பார்த்த பார்வை எப்படி இருந்திருக்கும் என்று ஜெராக்ஸ் அக்கா இப்போது எதிரிலேயே பார்த்தாள். சத்தியம் செய்யலாமா என்று நினைத்து, சத்தியத்தைக் குட்டி எதோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பாள் என்று விட்டுவிட்டாள். ஃபோனை எடுத்து சாருக்குப் போட்டாள்.

ஒரு தாள் என் கையால் வெளியே போயிருக்கிறது, எப்படி என்று நேரில் சொல்கிறேன், இப்போதே வரலாமா என்று கேட்டாள். இப்போது வர வேண்டாம் என்றார் சார். முப்பது பிள்ளைகளின் உழைப்பு வெளியே போயிருக்கிறது. நாளை ஒன்பது மணிக்கு முப்பது வீட்டுக்காரர்களும் இருப்பார்கள், அவர்கள் முன்னால் சொல்லுங்கள், குட்டி இருப்பதா போவதா என்பதை அவர்களே சொல்லட்டும் என்று வைத்துவிட்டார்.

முப்பது வீடு. பாதிப் பேர் அவளிடம் தாள் கொடுத்து நகல் வாங்குகிறவர்கள். இனி எவர் கொடுப்பார் என்பது வேறு. அதைவிட, மாடியில் நாத்தனார் சொன்ன ஒற்றைப் பொய் இன்னமும் அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நாளை அத்தனை முகங்களுக்கு நடுவே நிற்கும்போது அது இன்னும் பக்கத்தில் வரும்.

"நீ காலையில வீட்டுலேயே இருந்து படி" என்றாள் மகளிடம். "நான் மட்டும் போயிட்டு வந்துடறேன்."

குட்டி எழுந்து போய் விளக்கைப் போட்டாள்.

"நானும் வர்றேன்."

"அவ்வளவு பேர் முன்னாடி உனக்கு எதுக்குடி அந்த அவமானம்?"

"அவமானத்துக்காக இல்லம்மா" என்றாள் குட்டி. "நீ அங்க என்ன சொல்றேன்னு நான் நேர்ல கேக்கணும்."